செபுவில் ஒரு தம்பி: ஐந்து நாள் குறிப்புகள்

வியாழன், இரவு

நானும் மனைவியும் பிலிப்பீன்ஸின் செபுவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தில் கை வைக்க வேண்டியதில்லை. விமானம் இறங்குவது மக்தான் என்ற தனித் தீவில். 1521இல் போர்த்துகீசிய மாலுமி மெகல்லனைக் கொன்ற தலைவன் லாப்பு-லாப்புவின் தீவு அது. பாலம் தாண்டினால் மண்டாவே, அதை ஒட்டியே செபு நகரம்.

டாக்சிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "பம்பாய்?" என்றார். இந்தியர்கள் எல்லாருக்கும் இங்கே அதுதான் பெயர். அடுத்து சிரித்துக்கொண்டே, "ஃபைவ் சிக்ஸ்?" என்றார். பிலிப்பீன்ஸ் முழுக்க மோட்டார் சைக்கிளில் போய்க் கந்துவட்டிக்குக் கொடுக்கும் பஞ்சாபிகளின் கணக்கு அது. அஞ்சு வாங்கினால் ஆறு திருப்ப வேண்டும். இல்லை, நாங்கள் வேறு வேலையாக வந்தவர்கள் என்று சொன்னேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

வந்த வேலையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மண்டாவே பக்கம் ஒரு சின்ன சபை. அந்தச் சபையின் கட்டடத்திலேயே சனிக்கிழமைதோறும் ஏழைப் பிள்ளைகளுக்கான மையம் நடக்கிறது. அங்கே வரும் ஒரு பையனுக்கு, கம்பாஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் வழியாகப் பணம் கட்டி, ஆறு வருஷமாக நான் ஸ்பான்சர். இப்போது அவனுக்கு 12 வயது. பெயரையும் படத்தையும் பொதுவில் போட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் இங்கே தம்பி என்றே எழுதுகிறேன்.

ஏன் பிலிப்பீன்ஸ், நம்ம ஊரில் ஏழைப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்பீர்கள். என் அம்மாவும் கேட்டாள். முதலில் ஆந்திராவில் ஒரு பெண் குழந்தைக்குத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் கீழ் முன் அனுமதி கேட்கும் பட்டியலில் வைக்கப்பட்டு, பணம் அனுப்ப வழியில்லாமல் 2017 மார்ச்சில் கம்பாஷன் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1,40,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த ஒரே மாதத்தில் பட்டியலிலிருந்து போனார்கள். அந்தக் குழந்தையும் அப்படிப் போனதுதான். அதற்குப் பிறகு அமைந்தவன் இந்தத் தம்பி.

பார்க்க வருவது அவ்வளவு சுலபமில்லை. பல வாரங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும், போலீஸ் நற்சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும், பிள்ளையோடு தனியாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, போன் நம்பர், விலாசம் எதுவும் பரிமாறக் கூடாது, பணம் கையில் கொடுக்கவே கூடாது. என் மனைவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம். "ஆறு வருஷம் பணம் கட்டினவங்களைத் திருடன் மாதிரி பார்க்கிறாங்களே" என்றாள். எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் பணத்தோடு வருகிற ஆளைச் சந்தேகப்படுவதுதான் சரி.

வெள்ளி, இரவு

காலையில் புத்தோ. பார்த்தால் குட்டி இட்லி, வாயில் போட்டால் தித்திக்கிறது. மனைவி பையிலிருந்து இட்லிப்பொடி டப்பாவை எடுத்தவள் ருசி பார்த்ததும் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

பிறகு ஜீப்னி. அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளிலிருந்து பிறந்த வண்டி. இரண்டு பக்கமும் நீள பெஞ்சு, எதிரெதிரே முட்டி இடிக்க உட்கார வேண்டும். சில்லறையைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்தால் கை மாறி மாறி டிரைவரிடம் போகிறது, மீதிச் சில்லறையும் அப்படியே திரும்பி வருகிறது. ஒருத்தரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இறங்க வேண்டுமானால் "லுகார் லாங்!" என்று கத்த வேண்டும், அல்லது காசால் மேலே உள்ள கம்பியில் டொக் டொக் என்று தட்ட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தெரு தாண்டித்தான் இறங்கினோம்.

வெள்ளிக்கிழமை என்பதால் சாந்தோ நீன்யோ கோயிலில் கூட்டம். குழந்தை இயேசு சிலை, மெகல்லன் கொண்டுவந்து கொடுத்தது, ஐந்நூறு வருஷமாக இருக்கிறது. வெளியே மெழுகுவத்தி விற்கும் பாட்டிகள், வாங்குகிறவருக்காக வத்தியைக் கையில் பிடித்து இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே வைத்து ஆடி வேண்டிக்கொள்கிறார்கள். மனைவி ஒன்று வாங்கினாள். "யாருக்காக ஆடணும்?" என்று பாட்டி கேட்டார். மனைவி தம்பியின் பெயரைச் சொன்னாள். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவன், சிலை முன்னால் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

மதியம் தாபோவான் சந்தை. நூறு அடி தள்ளி வரும்போதே தூத்துக்குடி வாசம் வந்துவிட்டது. கருவாட்டுச் சந்தை! தங்கித் என்று இங்கே பெரிய மதிப்பு வைத்திருக்கும் கருவாடு வேறொன்றுமில்லை, நம்ம ஓரா மீனை முதுகு கீறி விரித்துக் காயவைத்தது. அப்பா இருந்திருந்தால் ஒவ்வொரு கடையிலும் நின்று விலை பேசியிருப்பார்.

அப்புறம் ஷாப்பிங். மைய அக்கா அளவு அனுப்பியிருந்தார். பள்ளிக்குப் போடும் கருப்பு ஷூ, முதுகுப் பை, நோட்டு, கலர் பென்சில், ஒரு பேஸ்கட்பால். வீட்டுக்கு 10 கிலோ அரிசி. நாங்கள் வாங்கிய அரிசி கிலோ 50 பெசோவுக்கு மேல். ஒரு பெசோ சுமார் ஒன்றரை ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "இதெல்லாம் உண்மையில பிரயோசனப்படுதா, இல்லே நம்ம மனசுக்குத்தானா?"

கேள்வி நியாயமானது. கொரியப் போரில் அநாதையான பிள்ளைகளுக்காக எவரெட் ஸ்வான்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1952இல் தொடங்கி வைத்ததுதான் கம்பாஷன், பெருகி இன்று பெரிய வலையாக நிற்கிறது. 1998இல் சிகாகோ ட்ரிப்யூன் நிருபர்களே இதேபோன்ற வேறு சில அமைப்புகளில் பிள்ளைகளுக்கு ஸ்பான்சராகச் சேர்ந்து, பிறகு தேடிப் போய்ப் பார்த்தார்கள். சிலருக்குக் கிடைத்தது அற்பம், இறந்துபோன பிள்ளையின் பெயரில்கூடப் பணம் வாங்கப்பட்டிருந்தது. ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது அது. மறுபக்கம், 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகக் கம்பாஷன் திட்டத்தைப் பற்றி வைடிக், க்ளூவ், ரட்லெஜ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இந்தியா, பிலிப்பீன்ஸ், உகாண்டா, கென்யா, குவாத்தமாலா, பொலிவியா என்று ஆறு நாடுகளில் 10,144 பேரைப் பற்றி விவரம் திரட்டினார்கள். ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.03 முதல் 1.46 வருஷம் கூடுதலாகப் படித்திருந்தார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களும் அதிகம்.

"ஒண்ணேகால் வருஷமா? அவ்வளவுதானா?" என்றாள்.

ஒன்பதாம் வகுப்போடு நிற்பவனுக்கும் பத்து எழுதுபவனுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒன்றேகால் வருஷந்தான். எனக்குத் தெரியும். நான் போர்டிங் பையன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். 80களின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங்கில் ஆறு வருஷம் இருந்தேன். எனக்கு ஸ்பான்சர் ஹாலந்தில் ஒரு அம்மா. வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுப்பார்கள். நல்ல சட்டை ஒன்றே ஒன்று, வார்டன் ஐயா மகனுடையது. ஆறு பேர் வரிசையாக நின்று, ஒருத்தன் கழற்றிக் கொடுக்க அடுத்தவன் மாட்டி, ஒரே சட்டையில் படம் எடுத்துக்கொண்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடிதம். வார்டன் ஐயா போர்டில் எழுதிப்போடுவார்: "கர்த்தருக்குள் பிரியமான அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்கள் சுகமா? நான் நன்றாகப் படிக்கிறேன். தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்." பார்த்து எழுதுவோம். கீழே ஒரு பூ வரைவோம். அந்த அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது கேட்பார். உனக்குப் பிடித்த விளையாட்டு என்ன? உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா? போர்டில் அதற்கெல்லாம் இடமில்லை, நான் பதில் எழுதியதே இல்லை. கேட்டது தாமிரபரணிக்கரைப் பையனிடம்!

சனி, மதியம் (மையத்திலிருந்து திரும்பும் வழியில் போனில் எழுதியது)

சபை ஒரு சந்துக்குள் இருந்தது. தகரக் கூரை, நீலச் சுவர், வாசலில் நூறு ஜோடி ரப்பர் செருப்பு. மைய அக்காவை எல்லாரும் "ஆத்தே" என்று கூப்பிடுகிறார்கள். அக்கா என்று அர்த்தம். அண்ணனுக்கு "குயா". மனைவிக்கு ஆத்தே ரொம்பப் பிடித்துவிட்டது, எங்கள் ஆத்தா இங்கே வந்து வயசு குறைந்துவிட்டாள் என்றாள்.

எனக்கு எந்தப் பையன் என்று தெரியவில்லை. ஆறு வருஷம் போட்டோ பார்த்தவன், அறுபது பிள்ளைகள் நடுவில் தேடிக்கொண்டு நிற்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். போட்டோவில் இருந்ததைவிடக் கருப்பு, ஒல்லி, காது கொஞ்சம் பெரிசு. பேசாமல் என் வலது கையை எடுத்துக் குனிந்து தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பெரியவர்களுக்கு இங்கே அப்படித்தான் மரியாதை செய்கிறார்கள். அப்புறம் மனைவி கையையும். அவள் அழுதுவிட்டாள், நான் ஷூ அளவு சரியாக இருக்குமா என்று பேச்சை மாற்றினேன்.

மையம் எப்படி நடக்கிறது என்று கூடவே இருந்து பார்த்தோம். வந்ததும் வருகைப் பதிவு, ஒவ்வொருவனுக்கும் ஒரு எண். பாட்டு, ஜெபம், வேதபாடம். பிறகு வயது வாரியாகப் பிரிந்து வகுப்பு. இன்றைக்குப் பெரிய பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பற்றி, சின்னவர்களுக்குப் பல் தேய்ப்பது பற்றி. ஒரு மூலையில் உயரம், எடை எடுத்தார்கள். பூச்சி மாத்திரை எப்போது, பல் டாக்டர் எப்போது என்று சுவரில் ஒரு அட்டவணை. ஊர் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், சபையோ சுவிசேஷ சபை. பாஸ்டரிடம் நேராகவே கேட்டேன், சேரும் குடும்பம் உங்கள் சபைக்கு மாற வேண்டுமா என்று. "இல்லை. ஆனால் வேதபாடத்தில் எல்லாரும் உட்கார வேண்டும்" என்றார். நம்ம ஊரிலும் இதே சண்டைதானே. எங்கள் போர்டிங்கில் இந்துப் பையன்கள் பாதிப் பேர், 23ஆம் சங்கீதத்தை எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள், லீவுக்கு ஊருக்குப் போனால் விபூதி பூசிக்கொள்வார்கள். சோற்றுக்காக ஒருத்தன் ஜெபத்தில் உட்கார வேண்டியிருப்பது எனக்கு இன்றும் முழுசாக உவப்பாயில்லை. அந்தச் சோறு இல்லாமல் நான் இல்லை என்பதும் நிஜம்.

மதியச் சாப்பாடு தினோலா. இஞ்சி போட்ட கோழி சூப், மேலே கைநிறைய முருங்கைக்கீரை! இங்கே கமுங்காய் என்கிறார்கள். காயையும் நாங்கள் விடமாட்டோம், சாம்பாரில் போடுவோம் என்று சொன்னதும் சமையல்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்து, எப்படி மெல்லுவீர்கள் என்று கேட்டார். மனைவி மென்று சக்கையைத் துப்புவது வரை நடித்துக் காட்டினாள். அறுபது பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆத்தே தம்பியின் கோப்பைக் கொண்டுவந்தார். நான் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அதில் பிரதியாக இருக்கின்றன. எண்ணினேன். ஆறு வருஷத்தில் ஒன்பது. அதில் நாலு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. மீதி ஐந்தையும் படித்தேன். "அன்புள்ள தம்பி, நலமா? நாங்கள் நலம். சிங்கப்பூரில் வெயில் அதிகம். நன்றாகப் படி. உனக்காக ஜெபிக்கிறோம்." அடுத்தது: "அன்புள்ள தம்பி, நலமா? நாங்கள் நலம். இங்கே மழை. நன்றாகப் படி."

வார்டன் ஐயா எழுதிப்போட்ட போர்டைப் பார்த்து நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஒன்பது என்பது மோசமில்லை என்றார் ஆத்தே. ஒரு கடிதமும் வராத பிள்ளைகள் உண்டாம். கடிதம் கொடுக்கும் நாளில் அவர்களைக் கதவு திறக்க, தட்டு அடுக்க என்று ஏதாவது வேலையாக வெளியே அனுப்பிவிடுவாராம்.

மொழிபெயர்க்க ஒரு காலேஜ் பெண் வந்திருந்தாள். தம்பி அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், மூணு தடவை கேட்டானாம். உங்க வீட்டுல நாய் இருக்கான்னு" என்றாள்.

சனி, இரவு

அவன் வீட்டுக்குப் போய் வந்தோம். ஆத்தே, பாஸ்டர், மொழிபெயர்க்கும் பெண், நாங்கள் இருவர், தலையில் அரிசி மூட்டையோடு தம்பி. நான் தூக்குகிறேன் என்றேன், விடவில்லை.

கடலோரக் குடியிருப்பு. நடைபாதை முதலில் சிமென்ட், பிறகு பலகை, பலகைக்குக் கீழே கருப்புத் தண்ணீர். நான் நுழைந்ததும் ஒரு பெட்டிக்கடைக்கார அம்மா சட்டென்று பலகைக் கதவைச் சாத்திவிட்டார். எனக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்கும் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "சார், உங்களை ஃபைவ் சிக்ஸ் ஆள்னு நினைச்சுட்டாங்க. அவங்க இந்த வாரத் தவணை பாக்கி போல." பாஸ்டர் கதவைத் தட்டி விளக்கம் சொன்ன பிறகு அந்த அம்மா வெளியே வந்து, எங்கள் எல்லாருக்கும் ஐஸ் மிட்டாய் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

தம்பியின் வீடு ஒற்றை அறை. அப்பா கட்டட வேலைக்குப் போகிறார், இன்று சனிக்கிழமை அரைநாள். அம்மா ஷாம்பு, காபித்தூள், சோப்பு பாக்கெட்டுகளை ஜன்னலில் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கிறார். சுவரில் சாந்தோ நீன்யோ படம், அதற்குக் கீழே மையம் கொடுத்த வேதாகமம். இரண்டுக்கும் சண்டையில்லை.

2021 டிசம்பர் 16 அன்று ஓடெட் புயல் செபுவைச் சின்னாபின்னமாக்கியது. கரண்ட் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்த ஊர் இது. அப்போது தம்பியிடமிருந்து வந்த கடிதத்தில் மூன்றே வரி: "புயல் வந்தது. எங்கள் கூரை போய்விட்டது. கடவுள் நல்லவர்." நான் மேலே பார்த்தேன். கூரைத் தகரம் நாலு வகை. ஒன்று சிவப்பு, ஒன்று துரு, ஒன்றில் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிய எழுத்துகள் தலைகீழாக, ஏதோ கடைப் பலகையின் பாதி. "எங்கள் தகரம் யார் வீட்டுக்குப் போச்சோ தெரியாது, இது எங்களுக்கு வந்தது" என்றார் அப்பா. மையம் கொடுத்தது இரண்டு தகரமும் ஒரு மூட்டை அரிசியும். மீதி காற்று கொடுத்தது.

அம்மா பெருமையாக உள்ளேயிருந்து ரிப்போர்ட் கார்டை எடுத்து வந்தார். தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். கடிதத்தில் எப்போதும், "எனக்குக் கணக்குப் பாடம் மிகவும் பிடிக்கும்" என்று எழுதுவான். ஆங்கிலம் 84, பிலிப்பினோ 86, அறிவியல் 81. கணக்கு 75. இங்கே 75தான் பாஸ் மார்க். மயிரிழை.

அவன் பேஸ்கட்பாலை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மொழிபெயர்க்கும் பெண்ணிடம் சொன்னேன்: "ஏழாம் வகுப்பில் நான் கணக்கில் எடுத்தது 19 என்று சொல்லும்மா. நூறுக்கு." அவள் சொன்னாள். ஒரு நொடி யாரும் நம்பவில்லை. அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் தம்பி. சிரித்தால் அவனுக்கு இரண்டு பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பது தெரிகிறது, எந்தப் போட்டோவிலும் நான் பார்த்ததில்லை.

"உங்க ஸ்பான்சர்கிட்டே சொன்னீங்களா?" என்று கேட்டான். எனக்கும் ஸ்பான்சர் இருந்த கதையை ஆத்தே காலையிலேயே சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"இல்லை. நன்றாகப் படிக்கிறேன் என்றுதான் எழுதினேன்."

தம்பி தலையை ஆட்டினான். விவரம் தெரிந்த ஆள் விவரம் தெரிந்த ஆளைப் பார்த்து ஆட்டுவது மாதிரி.

பிறகு தாராளமாகப் பேச ஆரம்பித்துவிட்டான். டாக்டராக வேண்டும் என்று கடிதத்தில் எழுதுவது ஆத்தேக்குப் பிடிக்கும் என்பதால். நிஜமாக ஆசைப்படுவது கப்பலில் போக. மாமா ஒருவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராம். நான் கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசர் என்றதும் கண் விரிந்தது. ஆறு வருஷத்தில் என் வேலை என்ன என்று அவனுக்கு நான் எழுதவே இல்லை.

தரைப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு நாய் வந்தது. பெயர் கர்ரி. மனைவி, "குழம்பா?" என்று திகைத்தாள். இல்லையாம், ஸ்டெஃப் கர்ரி, அமெரிக்க பேஸ்கட்பால் வீரர். எங்கள் வீட்டில் நாய் இல்லை, அடுக்குமாடி வீடு, அரசாங்க வீடுகளில் ஒரே ஒரு சின்ன ஜாதி நாய்க்குத்தான் அனுமதி என்று விளக்கினேன். எத்தனை மாடி என்று கேட்டான். நாங்கள் இருப்பது பதினொன்றாவது மாடி. புயலுக்குக் கூரை ஆடாதா என்றான். எங்களுக்குக் கூரை இல்லை, மேலே வேறொருத்தர் வீடு என்றேன். அதை அவன் அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

கிளம்பும்போது சந்து முனைவரை வந்து ஜீப்னி ஏற்றிவிட்டான். "லுகார் லாங்" சொல்லத் தெரியவில்லை என்று மனைவி போட்டுக்கொடுத்துவிட்டாள். அங்கேயே நிறுத்தி ஐந்து தடவை சொல்லவைத்தான். நான் சொல்வதில் ஏதோ பிழை. ஒவ்வொரு தடவையும் கர்ரி குரைத்தது.

ஞாயிறு

காலையில் அந்தச் சபைக்கே ஆராதனைக்குப் போனோம். தம்பி குடும்பம் வரவில்லை, அவர்கள் பூசைக்குப் போயிருப்பார்கள். பிரசங்கம் பிசாயா மொழியில், ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். எந்த ஊரானாலும் பிரசங்கம் நீளந்தான்.

மதியத்துக்கு மேல் மழை. ரூமிலேயே கிடந்தோம். மாம்பழம் சாப்பிட்டோம். இங்கே அதற்கு மங்கா என்றுதான் பெயர், நம்ம மாங்காய் மலாய் வழியாகக் கப்பலேறி வந்த சொல்.

திங்கள், விமான நிலையம்

தங்கித் கருவாடு நாலு பாக்கெட், காய்ந்த மாம்பழம் எட்டு. கருவாட்டை எத்தனை பிளாஸ்டிக் சுற்றியும் பெட்டி மணக்கிறது. விமான நிலையம் வரும் வழியில் கொஞ்ச தூரம் ஜீப்னியில் வந்தோம், நான் "லுகார் லாங்" என்றேன், வண்டி நின்றது. இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே சொல்லிவிட்டேன். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம், மனைவி ஒன்றும் பேசவில்லை.

விமானம் 50 நிமிஷம் தாமதம். போனில் தம்பியின் பழைய கடிதங்கள் எல்லாம் ஸ்கேனாக இருக்கின்றன. முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன், நலமா நலம் எல்லாவற்றையும் தாண்டி, நடுவில் கேள்விக்குறி வருகிற இடங்களை மட்டும். இருபத்திரண்டு இருக்கின்றன. முதல் இரண்டு வருஷக் கடிதங்கள் அவன் சொல்லச் சொல்ல ஆத்தே எழுதியவை, அப்போது அவனுக்கு எழுத வராது. அதிலும் கேள்விகள் இருக்கின்றன.

மனைவி நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தாள். 2018இலிருந்து வரிசையாகப் போகிறேன்.

சிங்கப்பூரில் கடல் இருக்கிறதா? இருக்கிறது, எங்கள் பட்டறையே கடலில்தான். நீங்கள் எந்தக் கையால் எழுதுவீர்கள்? வலது. இருட்டு என்றால் உங்களுக்குப் பயமா? போர்டிங்கில் இருந்தபோது பயம். கக்கூஸ் வெளியே, புளியமரத்துக்கு அந்தப் பக்கம், யாராவது துணைக்கு வந்தால்தான் போவேன். உங்கள் அம்மா என்ன விற்கிறார்?

பதநீர் என்று எழுதிவிட்டு, அதை அந்தப் பெண் எப்படி மொழிபெயர்ப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போர்டிங் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் பதினெட்டு பாக்கி.